முகத்துக்கு லேசர்: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: என் கன்னங்களில் பழைய பருத் தழும்புகள் இருக்கின்றன. மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. ஒரு லேசர் மையத்தில் ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் நான்கு சிட்டிங் தேவை என்றார்கள். இந்த வாரமே முழுத் தொகையும் கட்டினால் தள்ளுபடி உண்டாம். தோலைத் தயார்படுத்த ஒரு கிரீம் செட்டும் வாங்கச் சொல்கிறார்கள். இரண்டு மாதத்தில் தங்கைக்குத் திருமணம். கட்டிவிடலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பருத் தழும்புக்குப் பலன் தரக்கூடிய சிகிச்சைதான் அது. ஆனால் பணம் வாங்க வேண்டிய விஷயங்களை எல்லாம் உங்களிடம் சொன்னவர்கள், பைசா செலவில்லாமல் நீங்கள் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகளில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த லேசரின் ஒளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாகத் தோல் சுடப்படுகிறது. துளைகளுக்கு நடுவே தொடாமல் விடப்பட்ட தோல்தான் காயத்தை ஆற்றுகிறது. இப்படி இடைவெளி விட்டுச் சுடும் முறை 2004-இல் அறிமுகமானது. உங்களைப் போன்ற நிறத்தவர்கள் இதில் முதலில் யோசிக்க வேண்டியது, காயம் ஆறிய இடம் கறுத்துப்போகும் வாய்ப்பைத்தான். அந்தக் கறுப்பு மங்கப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "காதோரத்திலோ தாடை ஓரத்திலோ சிறிய இடத்தில் செய்து பார்த்து, சில வாரம் பொறுத்துப் பிறகு முகம் முழுக்கச் செய்வீர்களா?" தயங்காமல் சம்மதிக்கிறவர்களை நம்பலாம். "அதெல்லாம் தேவையில்லை" என்று காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்தால் வேறு இடம் பாருங்கள்.

கிரீம் செட் விஷயத்துக்கு வருகிறேன். கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு முன்னால் நிறம் குறைக்கும் கிரீம்களைப் பூசியவர்களையும் பூசாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. பின்னால் கறுத்துப்போவதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. வெளிர்நிறத் தோலினரிடம் செய்த ஆய்வு என்பதால் உங்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று வாதாட மாட்டேன். கறுத்த தோலுக்கு இன்றும் சில மருத்துவர்கள் முன்கூட்டியே கிரீம் எழுதித் தருகிறார்கள். தோல் மருத்துவர் மருந்தின் பெயரை எழுதி, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொன்னால் வாங்குங்கள். என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத டப்பாக்களைத் தொடவே தொடாதீர்கள். நிறம் வெளுக்கும் கிரீம்களில் ஸ்டீராய்டும் பாதரசமும் பிடிபட்டிருக்கின்றன.

சன்ஸ்கிரீன் மட்டும் உறுதியாகத் தேவை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான தோல் நிறம் கொண்டதாக இருந்தால் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுப்பைக் கூட்டும், வெறும் வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சில வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். வெயிலில் கறுத்த முகத்தோடு போனால் நல்ல மருத்துவர் தேதியைத் தள்ளிப்போடுவார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை உண்டு. உதட்டோரம் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வருமா? அதற்குக் காரணமான வைரஸை லேசர் கிளப்பிவிட்டால் புண் முகமெங்கும் பரவித் தழும்பாகலாம். ஓரிரு நாள் முன்பே அந்த வைரஸுக்கு எதிரான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கினால் தடுத்துவிடலாம். வெட்டுக்காயம் தடித்துப் புடைக்கும் உடல்வாகு, வெண்புள்ளி, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. புகைபிடிப்பவரானால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுங்கள்.

திருமணத்துக்காக என்றால் இப்போது தொடங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் முகம் வீங்கும்; பிறகு மிளகுத்தூள் தூவியதுபோல் பொடிப்பொடியாகப் பொருக்குத் தட்டும்; அது உதிர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சிவப்போ கருமையோ அதற்கு மேலும் நிற்கலாம். தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகிப் பள்ளம் மேலெழும்ப மாதங்கள் பிடிக்கும். புகைப்படத்தில் பலன் தெரியாது, பக்கவிளைவு மட்டுமே தெரியும்.

பணத்தைச் சிட்டிங்குக்குச் சிட்டிங் கட்டுங்கள். முதல் முறையிலேயே தோல் கறுத்து, மருத்துவரே நிறுத்தச் சொன்னால், கட்டிய மீதியைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். இயந்திரத்தின் பெயர், லேசரை இயக்கப்போகிறவரின் தகுதி, மறுபரிசோதனைக்குத் தனிக் கட்டணமா, சிக்கல் வந்தால் செலவு யாருடையது, எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒப்புதல் படிவத்தைச் சிகிச்சை நாளன்று நாற்காலியில் உட்காரவைத்து நீட்டுவார்கள். முந்தைய வாரமே கேட்டு வீட்டில் வைத்துப் படியுங்கள். உங்கள் படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தலாம் என்ற வரி பெரும்பாலும் நடுவில் ஒளிந்திருக்கும். அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். சிகிச்சைக்கு முன் எடுக்கும் படத்தின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பலன் இல்லை என்று பின்னால் பேச நேர்ந்தால் அதுதான் உங்கள் கையிலிருக்கும் சான்று.

கேள்வி: பருவுக்கு ஐசோட்ரெடினாய்ன் மாத்திரை சாப்பிட்டு முடித்து மூன்று மாதம் ஆகிறது. ஓரிடத்தில் ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள், இன்னோரிடத்தில் உடனே செய்யலாம் என்கிறார்கள். யார் ஏமாற்றுகிறார்கள்?

பதில்: இருவரில் யாரும் ஏமாற்றுவதாகச் சொல்ல முடியாது. ஆறு மாதம் என்பது பழைய விதி. 2017-இல் தோல் மருத்துவ வல்லுநர்கள் கூடி ஆராய்ந்து, ஃப்ராக்‌ஷனல் லேசருக்கும் ரசாயனம் பூசித் தோலை மேலோட்டமாக உரிக்கும் பீலிங்குக்கும் அப்படிக் காத்திருக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். தோலின் மேலடுக்கை முழுதாக நீக்கும் லேசருக்கும், இயந்திரத்தால் தோலைத் தேய்த்தெடுக்கும் முறைக்கும் காத்திருப்பதே நல்லது என்றார்கள். உங்களுக்குச் செய்யப்போவது எந்த வகை என்று கேளுங்கள். அதைச் சொல்லாமலே "உடனே வாருங்கள்" என்பவர்களிடம் போகாதீர்கள்.

கேள்வி: மரத்துப்போகும் களிம்பை வீட்டிலேயே பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: கூடாது. இப்படிக் கால் முழுக்கப் பூசிச் சுற்றிக்கொண்டு லேசர் முடிநீக்கத்துக்குப் புறப்பட்ட இரண்டு இளம்பெண்கள் இறந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரிக்கை விடுத்தது. அதிக இடத்தில் பூசி மூடி வைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். மையத்துக்கே வந்து அவர்கள் கண்முன் பூசிக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.