உரிமத்தை மாற்றுமுன் சட்டத்தரணியிடம் என்ன கேட்பது?

கேள்வி: குளங்கள், வயல் கண்டங்களின் (வயல்வெளிப் பிரிவுகளின்) பெயர்களை, வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைமாரிடம் கேட்டுத் திரட்டி, படைப்புகளை மற்றவர்கள் நிபந்தனைகளோடு பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்த தரவாக வைத்திருக்கிறோம். தரவுத்தளங்களுக்கென்றே எழுதப்பட்ட ஓடிபிஎல் (ODbL) உரிமத்துக்கு மாற விருப்பம். சட்டத்தரணி தேவையா? (கொக்கட்டிச்சோலை)

பதில்: தேவை. போகுமுன் ஒரு பட்டியல் போடுங்கள்: எந்தப் பதிவை யார் இட்டார், எங்கிருந்து எடுத்தார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் வெறும் தரவைப் பாதுகாப்பதில்லை. ஒரு குளத்தின் பெயர் யாருடைய சொத்துமல்ல. தெரிவிலோ ஒழுங்கமைப்பிலோ சுய ஆக்கம் இருந்தால்தான் தொகுப்புக்குப் பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியமோ 1996 இல் தரவுத்தளத்துக்கென்று தனி உரிமையே வகுத்தது. ஓடிபிஎல் அதையும் கருதி எழுதப்பட்டது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இலங்கைச் சட்டப்படி எங்கள் தொகுப்பில் பாதுகாக்கப்படுவது எது, அது யாருடையது?" என்பதுதான். படங்களும், ஒரு கண்டத்துக்குப் பெயர் வந்த கதையை எழுதிய குறிப்புகளும் அவரவருக்கே உரியவை. அவர்கள் சம்மதிக்காமல் உரிமத்தை மாற்ற முடியாது. நில அளவைத் திணைக்கள வரைபடத்தைப் பார்த்து வரைந்த கோடு ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

கேள்வி: எங்கள் மீன்பெயர்த் தரவில் பங்களித்த சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், உரிமத்தை மாற்றச் சம்மதம் கேட்டும் பதிலே இல்லை. மௌனம் சம்மதம்தானே? (கல்முனை)

பதில்: இல்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பர் 12 இல் ஓடிபிஎல்லுக்கு மாறியது. அதற்கு முன் பங்களித்தவர்களிடம் தனித்தனியே சம்மதம் கேட்டார்கள். தராதவர்களின் பதிவுகளை நீக்கினார்கள். வரைபடத்தில் ஓட்டை விழுந்தது, மற்றவர்கள் திரும்ப வரைந்தார்கள். நீங்களும் அந்தப் பதிவுகளை எடுத்துவிட்டு, பழையதைப் பாராமல், கடற்கரைக்குப் போய் மீனவரிடம் புதிதாகக் கேட்டு எழுதுங்கள். உழைப்புத்தான், ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாத தரவு கையில் இருக்கும்.

கேள்வி: மாமா சட்டத்தரணி, ஆனால் காணி வழக்குத்தான் பார்க்கிறார். அவரிடம் கேட்கலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: தாராளமாக. புலமைச் சொத்துப் பார்ப்பவரை அவரே காட்டிவிடுவார். இரு உரிமங்களின் முழு வாசகத்தையும் கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவு செய்யாத குழுவென்றால், ஆலோசனை யாருக்கு என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள்.

கேள்வி: பழைய உரிமத்தில் எடுத்தவர்களைத் தடுக்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: நிபந்தனையை மீறாதவரை முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்தால் கொடுத்ததுதான். புதிய உரிமம் இனி வரும் பதிப்புக்கே. பழைய பதிப்பைப் பழைய உரிமத்தோடும் திகதியோடும் அப்படியே வைத்திருங்கள்.