நண்பகலில் 9, விடியலில் செத்த மீன்

அன்புள்ள ஐயா,

முத்துப்பேட்டைக் காயலில் எங்கள் வடிகால் வாய்க்கருகே, மழை விட்ட பத்தாம் நாள் விடியற்காலை மடவையும் கொடுவாவும் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. நண்பகலில் நீரெடுத்துப் பார்த்தவர்கள், ‘ஆக்சிஜன் லிட்டருக்கு 9 மில்லிகிராம், குறையே இல்லை’ என்று போய்விட்டார்கள். மெக்சிகோ வளைகுடாபோல இங்கும் மரண வலயம் (ஆக்சிஜன் வற்றி மீன் வாழமுடியாத நீர்ப்பரப்பு) வந்துவிட்டதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 9தான் துப்பு. 30 டிகிரியில் நன்னீருக்கே சுமார் 7.5தான் கொள்ளும், கடல்நீருக்கு 6.2. அதற்கு மேல் இருப்பது பாசி வெயிலில் விட்டது. இருட்டியதும் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும். அடிச்சேற்றில் மட்கும் இலையும் சேர்ந்துகொள்ளும். விடியுமுன் 2க்குக் கீழே இறங்கிவிட்டால் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும். நண்பகல் சோதனை இதற்கு உதவாது.

பாசிக்குத் தீனி பெரும்பாலும் வயலிலிருந்து வருகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். சம்பாவுக்கு மேலுரம் போட்ட கையோடு மழை கொட்டினால் கோரையாறு, பாமணியாறு வழியாகக் காயலுக்கு வந்துவிடும். வரும் நன்னீர் உப்புநீரின் மேல் பரவி மூடிக்கொள்வதால் காற்று அடிவரை எட்டாது. முகத்துவாரம் மணலடித்துக் கிடந்தால் ஓதமும் புகாது.

மெக்சிகோ வளைகுடாவிலும் மூலகாரணம் உரம்தான். ஆனால் 2017இல் அங்கே அளந்த பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர், அதுவும் கோடை முழுக்க நீடிப்பது. உங்களுடையது காயலில் ஓரிரு இரவு மூச்சுத்திணறல் என்றே படுகிறது.

விஷமா என்று பார்க்க ஒரு முதல் குறிப்பு: மூச்சுத்திணறலில் பெரிய மீன் முதலில் சாகும், நண்டு கரையேறும். வடிகாலின் மேற்பகுதியில் காற்றைக் குடிக்கும் விரால் பிழைத்துக் கிடக்கும். விராலும் பொடிமீனும் சேர்ந்து செத்திருந்தால் விஷத்தைச் சந்தேகியுங்கள்.

அடுத்த முறை காலை 5 மணிக்குள், மேலே ஒன்று, தரைக்கு அரையடி மேலே ஒன்று என 300 மில்லி புட்டியில் குமிழியில்லாமல் எடுங்கள். குமிழி நின்றால் அளவு பொய்யாகும். ஆக்சிஜனை அப்படியே பிடித்துவைக்க, படகிலேயே மாங்கனீசு சல்பேட் கரைசல் 2 மில்லி, காரஅயோடைடு கரைசல் 2 மில்லி விட்டு மூடிக் குலுக்குங்கள். பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை. திரிந்தபின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். கரைசல் விடாமல் வெறும் தண்ணீராகக் கொண்டுபோனால் வழியிலேயே ஆக்சிஜனை நுண்ணுயிர் தின்றுவிடும்.

மேலே 5, அடியில் 1 என்றால் நீர் அடுக்காகப் பிரிந்திருக்கிறது. முகத்துவாரத்தை வெட்டுவது பலன் தரும். ஆனால் மழைக்கு முன்பே வெட்டவேண்டும். மீன் திணறும் நாளில் வெட்டும் இயந்திரத்தை இறக்கினால் கருஞ்சேறு கலங்கி, அழுகிய முட்டை நாற்றத்தோடு மிச்ச ஆக்சிஜனும் போய்விடும்.