கேமரா ஆஃப்லைன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அலுவலகம், கிடங்கு, தொழிற்கூடம் போன்ற இடங்களில் நெட்வொர்க் கேமராக்களை நிறுவுவதும் பராமரிப்பதும்தான் என் தொழில். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ‘ஆஃப்லைன்’ என்ற ஒரே சொல்லில் நிற்கின்றன. திரையில் அப்படி வந்தாலே கேமரா கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. ரெக்கார்டரோ செயலியோ அந்தக் கேமராவோடு பேச முடியவில்லை, அவ்வளவுதான். எந்த இடத்தில் பேச்சு அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. ஒரே ஒரு வேண்டுகோள்: எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அணைத்துப் போடாதீர்கள். எத்தனை மணிக்குப் போனது, சுவிட்சில் (கேமராக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) அந்தப் போர்ட்டின் விளக்கு எரிகிறதா, பிங் (‘இருக்கிறாயா’ என்று கணினியிலிருந்து கேட்கும் சோதனை) செய்தால் பதில் வருகிறதா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்துப் போட்டால் தடயமும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: எங்கள் கிடங்கில் எட்டு கேமராக்கள், ஒரே பி.ஓ.இ. சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தருவது). தினமும் இருட்டியதும் கடைசி இரண்டு கேமராக்கள் ஆஃப்லைன் ஆகின்றன, விடிந்ததும் தானாக வந்துவிடுகின்றன. கேமராவை மாற்றிப் பார்த்தும் அப்படியேதான் இருக்கிறது. (கிடங்கு மேலாளர்)

பதில்: கேமராவை மாற்றியது வீண் செலவு. சுவிட்ச் தரும் மின்சாரம் போதவில்லை.

இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 5 வாட் எடுத்த கேமரா இரவில் 9 வாட் எடுக்கலாம். எட்டு கேமராக்களுக்குப் பகலில் 40 வாட், இரவில் 72 வாட். உங்கள் சுவிட்ச் மொத்தமாக 60 வாட்தான் தரும் என்றால் யாராவது இருவர் பட்டினி கிடக்க வேண்டும். பல சுவிட்சுகள் கடைசிப் போர்ட்டுகளைத்தான் முதலில் வெட்டும்.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்தால் மறக்காது. இதே மாதிரி ஒரு இடத்தில் அந்தி நேரத்தில் சுவிட்ச் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சுவரில் இருந்த கேமராவுக்குள் ‘டிக்’ என்று சின்னச் சத்தம். இரவுப் பார்வைக்கு மாறும்போது உள்ளே வடிகட்டி நகரும் சத்தம் அது. லென்ஸைச் சுற்றி மங்கலான சிவப்பு தெரிந்தது. சரியாக அந்த நொடியில் ஏழாம் போர்ட்டின் விளக்கு அணைந்தது. ஒரு நிமிடத்தில் கேமரா உயிர் பெற்று எழுந்தது, மறுபடி ‘டிக்’, மறுபடி அணைந்தது. இரவு முழுக்க இதே கதைதான் நடந்திருக்கிறது.

சுவிட்சின் பெட்டியில் ‘எட்டு போர்ட், போர்ட்டுக்கு 30 வாட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து 240 வாட் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். மொத்த வாட் எவ்வளவு என்பது தனி எண், அதைத் தேடிப் பாருங்கள். இன்னொன்று, 2003இல் வந்த 802.3ஏஎஃப் (af) என்ற பி.ஓ.இ. தரத்தில் போர்ட் 15.4 வாட் தரும், ஆனால் கேபிளில் ஏற்படும் இழப்பு போகக் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். மோட்டாரில் சுழலும் கேமராவுக்கு இது பெரும்பாலும் பத்தாது. அதற்கு 2009இன் 802.3ஏடி (at) தரம் வேண்டும், அது கேமரா வரை 25.5 வாட் கொண்டுபோகும்.

இன்று இரவே சோதிக்க வேண்டுமானால், அந்த இரண்டு கேமராக்களையும் சற்று நேரம் தனி பி.ஓ.இ. இன்ஜெக்டரில் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சின்னப் பெட்டி) ஓட்டிப் பாருங்கள். நின்று ஓடினால் விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் எல்லாக் கேமராக்களும் ஆஃப்லைன். ஆனால் அலுவலகத்து மானிட்டரில் நன்றாகத் தெரிகின்றன.

பதில்: கேமராக்களை விடுங்கள், அவற்றுக்கு ஒன்றும் இல்லை. ரெக்கார்டருக்கு இணையம் போகவில்லை. அதன் நெட்வொர்க் அமைப்பில் கேட்வே (இணையத்துக்கு வாசலான ரூட்டரின் முகவரி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தருவது) இரண்டையும் பாருங்கள். சமீபத்தில் ரூட்டரை மாற்றியிருந்தால் பழைய கேட்வே முகவரி அப்படியே கிடக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம்.

கேள்வி: அண்ணா, நான் ஐ.டி. வேலைக்குப் புதிது. ஒரு கேமரா பத்து நிமிடம் வருகிறது, பத்து நிமிடம் போகிறது. பிங் செய்தால் எப்போதும் பதில் வருகிறது. கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, பிங்குக்குப் பதில் சொல்வது அந்தக் கேமராதானா என்று பார்த்தாயா? பிங்கைத் தொடர்ந்து ஓடவிட்டு, கேமராவின் கேபிளைக் கழற்று. அப்போதும் பதில் வந்தால் வேறு ஏதோ ஒன்று அதே ஐபியில் (நெட்வொர்க் முகவரியில்) உட்கார்ந்திருக்கிறது. பிரிண்டராக இருக்கலாம், யாரோ கொண்டுவந்த மடிக்கணினியாகவும் இருக்கலாம். கேபிள் கழற்றிய நிலையிலேயே உன் கணினியின் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபியில் எந்தக் கருவி என்ற பட்டியல்) அந்த ஐபிக்கு நேரே உள்ள மேக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் எண்ணைப் பார். முதல் பாதியை வைத்து எந்த நிறுவனத்தின் கருவி என்று கண்டுபிடிக்கலாம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: கேமராவுக்குக் கையால் நிலையான ஐபி கொடுத்திருப்பார்கள், ரூட்டர் தானாக ஐபி வழங்கும் டிஎச்சிபி வரம்புக்குள்ளும் அதே எண் இருக்கும். ரூட்டர் அதை இன்னொருவருக்குத் தாரை வார்த்துவிடும். கேமராக்களுக்கென்று வரம்புக்கு வெளியே ஒரு பகுதியை ஒதுக்கி, அதைத் தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடு. அடுத்து வருபவர் உன்னை வாழ்த்துவார்.

அதே தம்பி: கழற்றினேன் அண்ணா, பதில் வந்துகொண்டேதான் இருந்தது. வருகைப்பதிவுக் கருவி! இப்போது ஐபியை மாற்றிவிட்டேன், இரண்டு மணி நேரமாகக் கேமரா நிற்கிறது.

பதில்: அருமை. அந்தத் தாளை மறக்காதே.

கேள்வி: பாதுகாப்புக்காக எல்லாக் கேமராக்களின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். என்விஆரில் (நெட்வொர்க் ரெக்கார்டரில்) புதிய கடவுச்சொல்லைப் போட்டும் நான்கு கேமராக்கள் ஆஃப்லைன். என் கணினியிலிருந்து அதே கடவுச்சொல்லில் உள்ளே போக முடிகிறது.

பதில்: நீங்கள் புதியதைப் போடுவதற்குள் என்விஆர் பழைய கடவுச்சொல்லை வைத்துப் பலமுறை தட்டியிருக்கும். கேமரா அதைத் திருடன் என்று நினைத்து அந்த ஐபியைப் பூட்டிவிட்டது. உங்கள் கணினியின் ஐபி வேறு என்பதால் உங்களுக்குக் கதவு திறக்கிறது. என்விஆரில் அந்தச் சேனல்களை நிறுத்திவையுங்கள், அரை மணி நேரம் பொறுங்கள், அல்லது கேமராவை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு புதிய கடவுச்சொல்லோடு சேனலைத் திறந்தால் வந்துவிடும்.

வராவிட்டால் இரண்டு விஷயங்கள். ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது முறை) வழியாகச் சேர்த்த கேமராக்களில் பலவற்றில் ஆன்விஃப் பயனருக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு, அதை மாற்றினீர்களா? அடுத்து, கேமராவின் கடிகாரம். ஆன்விஃப் உள்நுழைவில் நேரமும் கலந்து அனுப்பப்படுகிறது. மின்தடைக்குப் பிறகு கேமரா பழைய ஆண்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தால், சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொல்லும். எல்லாக் கேமராக்களையும் சரியான நேரம் தரும் ஒரே என்டிபி சர்வரில் கட்டிவிடுங்கள். பதிவில் நேரம் தவறாக இருந்தால் அது சாட்சியாகவும் நிற்காது.

கேள்வி: கேமராக்கள் என்விஆரின் பின்னால் உள்ள பி.ஓ.இ. போர்ட்டுகளிலேயே இணைந்திருக்கின்றன. அலுவலகக் கணினியிலிருந்து பிங் செய்தால் ஒன்றும் வரவில்லை. பழுதா?

பதில்: இல்லை. அந்தப் போர்ட்டுகள் என்விஆருக்குள் தனி நெட்வொர்க். உங்கள் கணினிக்கு அவை தெரியாது. மடிக்கணினியை அந்தப் போர்ட்டுகளில் ஒன்றில் செருகி, அதே வரிசையில் ஒரு ஐபி கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மழை பெய்தால் வெளிச்சுவர்க் கேமரா போய்விடுகிறது. வெயில் வந்தால் சரியாகிறது. கேமரா நீர் புகாதது என்று சொல்லித்தான் விற்றார்கள்.

பதில்: கேமரா நீர் புகாததுதான். அதன் வாலில் தொங்கும் ஆர்ஜே45 இணைப்பு (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) அப்படி இல்லை. அதோடு தருகிற மூடியையும் ரப்பர் வளையத்தையும் பலர் போடுவதே இல்லை, பையோடு குப்பைக்குப் போய்விடும்.

ஏணி வைத்து ஏறி அந்த இணைப்பைக் கழற்றிப் பாருங்கள், மின்சாரத்தை அணைத்த பிறகு. எட்டு ஊசிகளில் ஓரிரண்டின் மேல் பச்சையாகப் படிந்திருக்கும், பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு பிடித்த மாதிரி. பி.ஓ.இ. மின்னோட்டமும் ஈரமும் சேர்ந்து செம்பை அரித்ததன் அடையாளம் அது. சுரண்டிவிட்டுத் திரும்பச் செருகாதீர்கள், வெட்டி எறிந்து புதிய முனையைக் கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). கேமரா பக்கத்து சாக்கெட்டிலும் அரிப்பு இருந்தால் வாலையே மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம், இணைப்பை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு அடிப்பக்கமாக உள்ளே கொண்டுபோங்கள். நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

கழற்றிய கையோடு கேபிளையும் பாருங்கள். கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அப்படியானால் அது செம்பு பூசிய அலுமினியம். தூரம் கூடக்கூட அதில் மின்னழுத்தம் அதிகமாக விழும். தூய செம்பிலும் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர்.

கேள்வி: இருபது கேமராக்களும் ஒரே நொடியில் போயின. சுவிட்ச் விளக்குகள் எல்லாம் வேகமாக ஒன்றாகச் சிமிட்டுகின்றன.

பதில்: யாரோ ஒரு பேட்ச் கேபிளின் (சின்ன இணைப்புக் கேபிள்) இரண்டு முனைகளையும் நெட்வொர்க்கிலேயே செருகிவிட்டார்கள், தகவல் வட்டமடித்து எல்லாவற்றையும் அடைக்கிறது. கடைசியாகச் செருகிய கேபிளை உருவுங்கள்.

அது இல்லை என்றால், சுவிட்சின் முகப்பில் ஒரு சின்ன நகர்த்தும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பல பி.ஓ.இ. சுவிட்சுகளில் இருக்கும். ‘விலேன்’ பக்கம் தள்ளினால் போர்ட்டுகள் ஒன்றையொன்று பார்க்காது, அப்லிங்க் போர்ட் (மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட்) மட்டும்தான் எல்லாவற்றையும் பார்க்கும். என்விஆர் சாதாரணப் போர்ட்டில் இருந்தால் மொத்தமும் ஆஃப்லைன். ‘எக்ஸ்டெண்ட்’ பக்கம் தள்ளினால் தூரம் கூடும், வேகம் 10 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். துடைக்கும் துணி பட்டுக்கூட அது நகர்ந்திருக்கிறது.

கேள்வி: வெளியிலிருந்து பார்க்க ரூட்டரில் கேமராவின் போர்ட்டைத் (இணையத்திலிருந்து கேமராவுக்கு நேரே வரும் வழி) திறந்துவைத்திருக்கிறோம். இப்போது கேமரா அடிக்கடி தானாக ரீபூட் ஆகிறது. சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம், முதலில் அந்தப் போர்ட்டை மூடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரூட்டர்களையும் பிடித்து, பிறரைத் தாக்கும் படையாக மாற்றியது. ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) போடுங்கள். அதன் பிறகும் ரீபூட் ஆனால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: எங்கள் இடத்தில் பொருள் காணாமல் போனது. பதிவைத் தேடியபோதுதான் அந்தக் கேமரா பத்தொன்பது நாட்களாக ஆஃப்லைன் என்று தெரிந்தது. இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது? (மேற்பார்வையாளர்)

பதில்: இதைப் படித்ததும் மனம் கனத்தது. நான் பராமரித்த ஒரு இடத்திலும் இதே நடந்தது. அன்றிலிருந்து பராமரிப்பு முறையையே மாற்றிக்கொண்டேன்.

என்விஆரில் ‘காட்சி இழப்பு’, ‘வட்டுப் பிழை’ எச்சரிக்கைகளை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி வையுங்கள். வைத்ததும் ஒரு கேமராவின் கேபிளைக் கழற்றி, மின்னஞ்சல் உண்மையாகவே வருகிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு மட்டும் போகிற மாதிரி வைக்காதீர்கள், அவர் விடுப்பில் போவார்.

நேரலைப் படம் தெரிந்தால் பதிவாகிறது என்று நம்ப வேண்டாம். வட்டு கெட்டிருந்தாலும் நேரலை ஓடும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கேமராவிலும் நேற்றைய நள்ளிரவுப் பதிவை ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எத்தனை நாள் பின்னோக்கிப் போகிறது என்றும் பாருங்கள். நொடிக்கு 4 மெகாபிட்டில் ஓடும் ஒரு கேமரா ஒரு நாளுக்குச் சுமார் 43 ஜிபி தின்னும், கணக்கு உதைத்தால் வட்டு போதவில்லை. சுவிட்சும் என்விஆரும் ஒரே யுபிஎஸ்சில் இருக்கட்டும்.

விசாரணைக்கு வருபவர்களிடம் அந்தப் பத்தொன்பது நாள் இடைவெளியை மறைக்காமல் சொல்லுங்கள். என்விஆரின் பதிவேட்டை இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அதுவும் நிரம்பினால் பழையது அழியும். கேமரா போன சரியான நேரம் அதில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கேபிளை யாராவது கழற்றினார்களா என்பதும் விசாரிக்க வேண்டியதுதான்.