கிருமியற்ற எலிக்கு அறுவை: ஐசோலேட்டர் வடிவமைப்பு பற்றிக் கேள்வி பதில்

மேடம், கிருமியே இல்லாமல் வளர்க்கும் எலிகளின் அறுவைக்கான ஐசோலேட்டர், அதாவது வெளிக் கிருமி புகாத, கையுறை பொருத்திய மூடிய கூடு, கட்டப்போகிறோம். ஃபில்டருக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டுமா?

ஃபில்டரைவிடக் கையுறைதான் என் கவலை. ஹெப்பா என்னும் நுண்துகள் ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். உள்ளே காற்றழுத்தம் கூடுதல் என்பதால் சின்னக் கசிவு இருந்தாலும் காற்று வெளியேதான் போகும். ஆனால் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், கையின் வியர்வையோடு கிருமியும் உள்ளே போய்விடும். அறுவையில் கத்தியும் ஊசியும் ஓயாமல் புழங்கும். அதனால் பிளேடைக் கைப்பிடியில் மாட்டும் வேலையை உள்ளே வைக்காதீர்கள். வெளியிலேயே மாட்டி, கூர்முனையை சிலிகான் துண்டில் செருகி, அப்படியே ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, அனுப்புங்கள். கத்திரிக்கோல் மொட்டை முனையாக இருக்கட்டும்.

எஃகா, பிளாஸ்டிக்கா?

அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கிருமியற்ற விலங்கு ஆய்வின் முன்னோடி ரெய்னியர்ஸ் கட்டியவை எஃகுக் கலங்கள். நீராவியாலேயே கிருமி நீக்கலாம். அதே இடத்தில் டிரெக்ஸ்லர் 1957-இல் மெல்லிய பிளாஸ்டிக் கூடாரத்தைக் கொண்டுவந்தார். விலை குறைவு, கை தாராளமாக அசையும். நான் பிளாஸ்டிக்தான் சொல்வேன், ஆனால் மேலே தட்டையான அக்ரிலிக் ஜன்னல் ஒன்று கட்டாயம். ஷீட் சுருங்கிய இடத்தின் வழியே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தையல் நூல் இரண்டாகத் தெரியும். பிளாஸ்டிக்குக்கு நீராவி ஆகாது. 2 சதவீத பெரசிடிக் அமிலம் என்ற கிருமிநாசினியைத் தெளியுங்கள். அப்புறம் ஓரிரு நாள் காற்றோட்டம் விட்டு, நெடி போன பிறகே எலியை விட வேண்டும்.

தாய் எலி சாதாரண எலி. குட்டியை மட்டும் கிருமி படாமல் எடுப்பது எப்படி?

கருப்பையில் குட்டி பொதுவாகக் கிருமியில்லாமல்தான் இருக்கும். பிறக்கும் வழியில்தான் ஒட்டிக்கொள்ளும். பெரிய விலங்கு என்றால், ஐசோலேட்டரின் தரை ஷீட்டைத் தாயின் மழித்த வயிற்றில் பசையால் ஒட்டிவிட்டு, ஷீட்டையும் தோலையும் மின்சூட்டுக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுவார்கள். பெரசிடிக் ஆவி மிச்சமிருந்தால் தீப்பிடிக்கலாம், கவனம். எலிக்கு இவ்வளவு வேண்டாம். தாயைக் கொன்று, இரு முனையும் கட்டிய கருப்பையை முழுசாக எடுத்து, இளஞ்சூடான கிருமிநாசினித் தொட்டிக்குள் முக்கி மறுபக்கம் ஐசோலேட்டருக்குள் எடுக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும், இல்லையென்றால் குட்டிகள் மூச்சுத் திணறிவிடும். ஆகவே தொட்டி வாயிலிருந்து அறுவை மேசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பால் கொடுக்கக் கிருமியற்ற வளர்ப்புத் தாய் உள்ளே தயாராக இருக்க வேண்டும்.

அக்கா, நான் கால்நடை மருத்துவ மாணவி. கிருமியற்ற எலியின் வயிற்றைத் திறக்கும்போது என்ன வித்தியாசம்?

சீக்கம், அதாவது பெருங்குடலின் தொடக்கப் பை, பல மடங்கு ஊதி, வயிற்றையே அடைத்துக்கொண்டிருக்கும். சுவர் மெலிதாக இருக்கும், ஃபோர்செப்ஸால் தொடவே தொடாதீர்கள். ஈரப் பஞ்சால் மெல்ல ஒதுக்குங்கள். இன்னொன்று, குடல் பாக்டீரியா தரும் வைட்டமின் கே இவற்றுக்குக் கிடையாது. தீவனத்தில் குறைந்தால் ரத்தம் உறையாது. தீவனத்தைச் சரிபார்க்காமல் கத்தியை எடுக்காதீர்கள்.

ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவை உள்ளே தரலாமா?

தரலாம். மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசர் வெளியே இருக்கட்டும், வாயு ஸ்டெரைல் ஃபில்டர் வழியாகப் போகட்டும், கழிவு வாயுவுக்குத் தனிக் குழாய் வையுங்கள்.

அறுவைக்குப் பின் எலிப் புழுக்கையில் பிசிஆர், அதாவது கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை, பாசிட்டிவ். எலிகளைக் கழித்துவிட வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். ஆட்டோகிளேவ் செய்த தீவனத்தில் செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ இருக்கும், பிசிஆர் அதையும் காட்டும். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிராம் ஸ்டெயினிலும் அவை தெரியும். உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று புதுப் புழுக்கையை ஆக்சிஜனோடும் இல்லாமலும் கல்ச்சர் போடுங்கள், தீவனத்தையும் தனியாக பிசிஆர் செய்து ஒப்பிடுங்கள். கல்ச்சரில் வளர்ந்தால் கையுறைகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், விரல் இடுக்கிலிருந்து தொடங்கி.