மைனஸ் எண்கள்: உங்க சந்தேகமும் பதிலும்

முழு எண், முழுக்கள் ரெண்டும் ஒண்ணுதானே சார்? பையன் ஆறாவது படிக்கிறான், மாத்தி மாத்தி எழுதுறான். (கீழக்கரை)

வேற வேறம்மா. 1, 2, 3ன்னு போறது இயல் எண்கள், கூட 0 சேர்ந்தா முழு எண்கள், அதோட -1, -2, -3ன்னு எல்லாத்தையும் சேர்த்தாதான் முழுக்கள். அதனால -4 முழுக்கள்ல வரும், முழு எண்கள்ல வராது. பசங்க மாட்டுற இன்னொரு இடம் 6/3, பின்னமா இருக்கேன்னு விட்டுடுவாங்க, வகுத்தா 2 வருதுல்ல, அது முழு எண்தான்.

0 ப்ளஸ்ஸா மைனஸா? (தொண்டி)

ரெண்டும் இல்ல.

8 தானே பெருசு, அப்ப -8 எப்படி -3ஐ விட சின்னதாகும்? -3லேர்ந்து -5ஐக் கழிச்சா 2 வருதாம், அதுவும் புரியல. (ஏர்வாடி)

கடல் மட்டம் 0ன்னு வச்சுக்கங்க. சங்கு குளிக்கிறவர் 3 பாகம் (பாகம்ங்கிறது கடல் ஆழத்தை அளக்குற அளவு) ஆழத்துல இருந்தா -3, 8 பாகம் இறங்கிட்டா -8. யாரு கீழ இருக்கா? கீழ இருக்கிறதுதான் சின்னது. 8ங்கிறது மேல்மட்டத்துல இருந்து தூரம், அது பெருசுதான், ஆனா நாம கேக்குறது இருக்கிற இடத்தை. கழித்தலும் இதேதான், -5ல இருக்கிறவர் -3க்கு வர எவ்வளவு ஏறணும்? 2. எண் கோட்டைப் படுக்கையா போடாம நிமிர்த்தி வரைஞ்சு குடுங்க, பிள்ளைங்க சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

மைனஸ் இன்டு மைனஸ் ப்ளஸ்னு யாரு சட்டம் போட்டா? (மண்டபம், ஏழாம் வகுப்பு)

அருமையான கேள்வி தம்பி, இதைக் கேக்காம மனப்பாடம் பண்றவங்கதான் ஜாஸ்தி. யாரும் இஷ்டத்துக்குப் போட்டதில்ல. நோட்டுல வரிசையா எழுதிப் பாரு: -3 × 2 = -6, -3 × 1 = -3, -3 × 0 = 0. பெருக்குற எண் ஒண்ணொண்ணா இறங்குது, விடை மூணு மூணா ஏறுது, அப்ப -3 × -1க்கு 3 வந்தாதான் வரிசை உடையாம இருக்கும், வேற எது வந்தாலும் பங்கீட்டுப் பண்பும், அதாவது a × (b + c) = a × b + a × cங்கிறதும், சேர்ந்து உடைஞ்சிரும். கி.பி. 628லயே நம்ம நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் ப்ளஸ்ஸை சொத்துன்னும் மைனஸைக் கடன்னும் வச்சு இந்த விதிகளை எழுதிட்டாரு.

ஆனா ஒண்ணு, "மைனஸும் மைனஸும் ப்ளஸ்"னு மொட்டையா சொல்லிக் குடுக்கிறதை தயவுசெஞ்சு நிறுத்தணும், அதைக் கேட்டுட்டுத்தான் பசங்க -3 - 5க்கு 8னு எழுதுறாங்க. அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும்தான். இங்க -3ல இருந்து இன்னும் 5 கீழ இறங்குறோம், விடை -8.