ஜூரியாகப் போனால் தொழில் நட்டத்தை யார் தருவார்கள்?

கேள்வி: கிழக்கு லண்டனில் டிரைவிங் பழக்குகிறேன். சொந்தக் கார், சொந்தத் தொழில். ஸ்னேர்ஸ்புரூக் கிரவுன் கோர்ட்டுக்கு இரண்டு கிழமை ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். ஆள் மாறி வந்துவிட்டதோ? மணிக்கு 38 பவுண், நாளுக்கு ஆறு பாடம் எடுப்பேன். அந்தப் பணத்தை அப்படியே கோர்ட்டில் கேட்கலாமா? மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் நான்தான்.
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: ஆள் மாறவில்லை. இலங்கை, இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இங்கே வாக்காளர் பட்டியலில் இருக்கலாம். ஜூரிக்கு ஆள் எடுப்பது அந்தப் பட்டியலிலிருந்துதான். 18 முதல் 75 வயதுக்குள் இருந்து, 13 வயதுக்குப் பிறகு ஐந்து வருடமாவது இந்த நாட்டில் வாழ்ந்திருந்தால் பொதுவாகத் தகுதி உண்டு. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துக் கடிதத்தை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஏழு நாளுக்குள் பதில் போட வேண்டும். பேசாமல் இருந்தால் 1,000 பவுண் வரை தண்டம் கட்ட நேரும்.

இனி பணம். ஆறு பாடம், 228 பவுண் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அது கிடைக்காது. முதல் பத்து வேலை நாட்களுக்கு, நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும் நாளுக்கு அதிகபட்சம் 64.95 பவுண். நான்கு மணி நேரமோ அதற்குக் குறைவோ என்றால் 32.47 பவுண். இது எல்லோருக்கும் தூக்கிக் கொடுக்கும் சம்பளம் இல்லை, உச்சவரம்பு. நீங்கள் உண்மையில் எவ்வளவு இழந்தீர்களோ அதை, அந்த வரம்புக்குள் தருவார்கள்.

சுயதொழில்காரர் சறுக்குவது இங்கேதான். நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. உங்களுக்கு முதலாளி இல்லை. சுயதொழில் செய்பவர்களுக்கென்று தனியாக ஒரு வருமான இழப்புப் படிவம் இருக்கிறது. அதோடு சம்பாத்தியத்துக்கு ஆதாரம் வைக்க வேண்டும். அதற்குக் கடைசியாகப் போட்ட வரிக் கணக்குத்தான் முதலில் கைகொடுக்கும். பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் கழித்து வருடத்துக்கு 12,000 பவுண் லாபம் என்று காட்டியிருந்தால், 240 வேலை நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 50 பவுண்தான் வரும். வரம்பு 64.95 ஆக இருந்தாலும் உங்கள் ஆதாரம் ஐம்பதோடு நின்றுவிடும். கையில் வாங்கும் காசை வரிக் கணக்கில் காட்டாமல் விடுபவர்கள் நம் ஆட்களிலும் உண்டு. அவர்களுக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை.

இன்னொன்று. புதன்கிழமைப் பாடத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்துப் பணமும் வாங்கிவிட்டால், அது இழப்பு இல்லை. அதையும் சேர்த்து எழுதினால் பொய்க் கணக்கு. கோர்ட் படியேறிப் போய்ச் செய்யக்கூடிய காரியமா அது?

வழக்கு பத்து நாளைத் தாண்டினால் வரம்பு முழு நாளுக்கு 129.91 பவுணாகக் கூடும். அதை நம்பி நீண்ட வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பல வாரம் ஓடும் வழக்கென்றால், ஜூரியைத் தெரிவு செய்வதற்கு முன்பே யாருக்காவது சிரமம் உண்டா என்று கேட்பார்கள். தனி ஆளாகத் தொழில் நடத்துகிறேன் என்பதை அப்போதே சொல்லுங்கள். தெரிவான பிறகு சொல்லிப் பெரிய பலன் இருக்காது.

மகளைக் கூட்டிவர வழக்கத்துக்கு மேலாக ஆள் வைத்துச் செலவானால் அதையும் கேட்கலாம். ஆனால் அதுவும் வருமான இழப்பும் சேர்ந்து அதே 64.95-க்குள் அடங்க வேண்டும். கணக்கு ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்டால் பராமரிப்புச் செலவுக்கு இடமில்லை. பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ இருந்தால் இப்போதே பேசி வையுங்கள்.

பயணமும் சாப்பாடும் இந்த வரம்புக்கு வெளியே. ரயில், பஸ் என்றால் டிக்கெட் காசு, சொந்தக் கார் என்றால் மைலுக்கு 31.4 பென்ஸ். பார்க்கிங் காசையும் டாக்ஸியையும் முன்கூட்டியே கோர்ட்டில் கேட்டு அனுமதி வாங்காவிட்டால் கையைத்தான் கடிக்கும். ஸ்னேர்ஸ்புரூக்குக்கு சென்ட்ரல் லைன் இருக்கும்போது கார் எதற்கு என்பது என் கருத்து. காரிலேயே பிழைப்பவருக்கு இது கசக்கலாம். சாப்பாட்டுக்கு, பத்து மணி நேரம் வரை வெளியே இருக்கும் நாளுக்கு 5.71 பவுண். லண்டன் விலைக்கு ஒரு சாண்ட்விச்சும் தேநீரும் கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்.

கஷ்டம் என்று சொல்லி முழுதாக விலக்குக் கேட்பதைவிட, தள்ளிப்போடச் சொல்லிக் கேட்பதுதான் உங்களுக்குப் பொருந்தும். ஒரே ஒரு தடவை, பன்னிரண்டு மாதத்துக்குள் வரும் வேறு தேதிக்கு மாற்றச் சொல்லலாம். டிரைவிங் டெஸ்ட் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்கும் காலம் இது. உங்கள் மாணவர்களில் யாருக்கெல்லாம் அந்த இரண்டு கிழமைக்குள் டெஸ்ட் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு பேர் இருந்தால் அதையே காரணமாக எழுதி, எந்தத் தேதிகளில் வர முடியாது என்பதையும் குறிப்பிடுங்கள். பாடங்கள் குறையும் மாதம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சில நாள் காலையில் போய்க் காத்திருந்துவிட்டு, வழக்கே இல்லை என்று மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த நாட்களின் பாடங்களை ஒரேயடியாக ரத்து செய்யாமல், மாலையில் வரக்கூடியவர்களிடம் முதலில் பேசிப் பாருங்கள். படிவத்தைக் கொடுத்த பிறகு பணம் வழக்கமாக ஏழு முதல் பத்து வேலை நாளுக்குள் வங்கிக்கு வந்துவிடும். சேவை முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். கிடைத்த தொகையைக் குறித்துவைத்து, அடுத்த வரிக் கணக்குப் போடும்போது கணக்காளரிடம் காட்டுங்கள்.