முழங்காலும் ரோபோவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனித மூட்டுகளை ரோபோக்களைக் கொண்டு சோதிப்பது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். தூத்தூரில் பந்து விளையாடும்போது என் தம்பிக்கு முழங்கால் முட்டுக்குள் முன் சிலுவை லிகமென்ட் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார்) அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறோம். இறந்தவரின் காலை இயந்திரத்தில் மாட்டி இழுப்பது உயிருள்ள என் தம்பிக்கு எதைச் சொல்லிவிட முடியும்? எங்கள் அம்மா ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தானமாகக் கொடுத்த உடலில் நார்களை அறுப்பார்கள் என்பதை என் மனம் ஏற்கவில்லை.

தூத்தூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பியைப் பார்த்த மருத்துவர் முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்திருப்பார். நம் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும் மூட்டின் தளர்வைக் கையால்தான் அறிகிறார்கள். ரோபோ செய்வதும் இதே இழுப்பைத்தான். ஆனால் மனிதக் கை இரண்டாம் முறை அதே வழியில் இழுக்காது; ரோபோ இழுக்கும்.

தொடை எலும்பை அசையாமல் பொருத்தி, கீழ்க்கால் எலும்பை ரோபோவின் கையில் இணைக்கிறார்கள். இடையில் உள்ள உணரி மூன்று திசை விசைகளையும் மூன்று திருகு விசைகளையும் அளக்கிறது. முழங்கால் மடங்குவதோடு நிற்பதில்லை, சற்றே சுழல்கிறது, சரிகிறது, வழுக்கவும் செய்கிறது என்பதால் இந்த ஆறும் வேண்டும். முழுமையான முட்டில் 134 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 14 கிலோ எடைக்கு ஈடான விசையில், கீழ்க்காலை முன்னால் இழுத்து, அது நகர்ந்த வழியை ரோபோ பதிவு செய்கிறது. பிறகு சிலுவை லிகமென்டை அறுத்துவிட்டு, அதே வழியில் மறுபடி நகர்த்தி விசையை அளக்கிறது. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எஞ்சுவது அந்த லிகமென்ட் மட்டும் சுமந்திருந்த விசை. லிகமென்டின் மேல் எந்தக் கருவியையும் ஒட்டாமல் இதை அறிய முடிந்தது, 1990களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸேவியோ வூ குழுவினர் செய்த பணியால்.

உங்கள் மனம் ஏற்காத அந்த அறுப்பு, இந்தக் கணக்கின் ஆதாரம். இருவரின் முட்டுகள் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. வயது, எலும்பின் வடிவம், நார்களின் தடிமன் எல்லாம் மாறும். ஒரே முழங்காலை முழுமையாகவும், அறுந்த பின்பும், மாற்று நார் பொருத்திய பின்பும் சோதிக்கும்போது அந்த முட்டே தனக்கு ஒப்பீடாகிறது. அதனால் குறைந்த எண்ணிக்கையிலான உடல்களே போதுமானதாகின்றன. கொடுத்தவரின் உடலுக்குச் செய்யப்படும் மரியாதையாகவே நான் இதை மதிக்கிறேன். அம்மாவின் உடல்தானத்தைப் பற்றி நீங்கள் கலங்க வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரிகளுக்குச் செல்லும் உடல்கள் பெரும்பாலும் மாணவர்களின் உடற்கூறியல் படிப்புக்கே பயன்படுகின்றன.

தம்பிக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 2002இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வுகளில், அப்போது வழக்கத்திலிருந்த மாற்று நார்கள் கீழ்க்கால் முன்னால் நகர்வதைத் தடுத்தன, ஆனால் திருகலும் சரிவும் சேர்ந்து வரும் விசையைப் போதுமான அளவு தாங்கவில்லை என்று தெரிந்தது. பந்து விளையாடுகிறவன் ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது வருவது அந்த விசைதான். நாரை எலும்பின் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பொருத்துவது என்று அறுவை மருத்துவர்கள் மறுபடி யோசித்ததில் இவ்வாய்வுகளுக்கும் பங்குண்டு.

உங்கள் ஐயத்தில் நியாயமும் இருக்கிறது. இறந்த முட்டில் தசைகள் தாமாகச் சுருங்குவதில்லை, பொருத்திய நார் எலும்போடு வளர்ந்து சேர்வதுமில்லை. ஆகவே இச்சோதனை அறுவை முடிந்த முதல் நாளின் முழங்காலைத்தான் காட்டும். ஒன்பதாம் மாதத்து முழங்காலைக் காட்டாது. இன்னொரு குறையும் என்னை உறுத்துகிறது. இத்தகைய ஆய்வுகள் பலவும் 90 பாகை மடக்கம் வரைதான் பார்த்தன. குத்தவைத்து உட்கார்ந்து வலை பழுது பார்ப்பவரும், அடிமரத்தில் ரப்பர் பால் வெட்டுபவரும் முழங்காலை அதற்கும் வெகு அப்பால் மடக்குகிறார்கள். அந்த மடக்கத்தில் அளந்தால் மட்டுமே நம் மக்களுக்கு வேண்டிய விடை கிடைக்கும்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் இரண்டைக் கேளுங்கள்: திருகலைத் தாங்கும் விதத்தில் நாரை எப்படிப் பொருத்தப்போகிறார் என்பதையும், தம்பி எத்தனை மாதம் கழித்துக் குத்தவைக்கலாம் என்பதையும். கடல் வேலைக்குப் போகிறவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்